பதினைந்து கிராமுக்குள் அடங்காத கதை

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். நல்லா படிக்கிற பையன். தோட்டம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டதும் குடும்பம் பட்டணத்து அடுக்குமாடிக்கு வருகிறது. அப்பா குடிப்பார். இடைநிலைப்பள்ளியில் கெட்ட கூட்டாளிகள் சேர்கிறார்கள். ஒருநாள் கைக்கு ஒரு பொட்டலம் வருகிறது. பிறகு அம்மாவின் சங்கிலி காணாமல் போகிறது. கடைசிப் பத்தியில் பையன் பொதுக்கழிப்பறையில் செத்துக் கிடக்கிறான், இல்லையென்றால் கையில் விலங்கோடு நிற்கிறான். அம்மா அழுகிறாள். கதைக்கு ஆறுதல் பரிசு கிடைக்கிறது.

இதை எழுதியவர் யார் என்று கேட்காதீர்கள். நாம் எல்லாரும் சேர்ந்து எழுதியதுதான். பரிசுப் போட்டி, பள்ளி மேடை, வானொலி நாடகம், தொலைக்காட்சித் தொடர் என்று எல்லா இடத்திலும் இதே சட்டகம்தான். மோசமான கதை என்பதற்காக மட்டும் நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. மோசமான கதைகள் எல்லாத் தலைப்பிலும் உண்டு. என் பிரச்சினை வேறு. போதைப்பொருள் சட்டத்தைத் தளர்த்தலாமா, திருத்தலாமா, தடையையே எடுத்துவிடலாமா என்று உலகம் முழுக்க நடக்கும் விவாதத்தில் தமிழில் நம் கையில் இருப்பது இந்த ஒரு கதைதான். வாதம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு நாம் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

இதற்கு ஒரு மறுகதையும் இருக்கிறது. சாங்கி சிறையில் யாருக்காவது தூக்குத் தேதி குறிக்கப்படும் வாரத்தில் அது வாட்சாப்பில் சுற்றும். ஏழைப் பையன், ஒன்றும் அறியாதவன், யாரோ கொடுத்த பையை வாங்கிக்கொண்டு எல்லையைத் தாண்டினான். ‘பாவம்ப்பா, அவனுக்கு உள்ள என்ன இருந்ததுன்னே தெரியாது.’ முதல் கதைக்காரர் உடனே பதில் போடுவார்: ‘செஞ்சான், அனுபவிக்கிறான்.’ இரண்டு நாள் சண்டை ஓடும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் குழுவில் காலை வணக்கப் படம் வந்துவிடும்.

இரண்டு கதைகளும் எதிரெதிராகத் தெரிந்தாலும் அவை ஒரே ஆளைக் கண்டுதான் பயப்படுகின்றன. தெரிந்தே கொண்டுபோனவன். பிடித்துப்போய்ப் பயன்படுத்தியவன். வில்லனாகவும் இல்லாமல் ஆட்டுக்குட்டியாகவும் இல்லாமல் இருக்கிற சாதாரண ஆள். சட்ட விவாதம் உண்மையில் நடக்கவேண்டியது இவனைப் பற்றித்தான். இலக்கியம் எழுதவேண்டியதும் இவனைத்தான்.

*

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். விவாதம் செய்கிற பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

சிங்கப்பூரின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1973இல் வந்தது. 1975இல் செய்த திருத்தம் 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் கட்டாய மரண தண்டனை என்றது. பதினைந்து கிராம் என்றால் ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி சீனி. கஞ்சாவுக்கு அந்த எல்லை 500 கிராம். மலேசியாவின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 1952ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 39பி பிரிவில் மரண தண்டனை 1983இல் கட்டாயமானது. அங்கே கஞ்சாவுக்கு 200 கிராம்.

எடைக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது அனுமானங்கள் பற்றிய பிரிவுகள். சிங்கப்பூர்ச் சட்டத்தின்படி 2 கிராமுக்கு மேல் ஹெராயின் வைத்திருந்தால் அது கடத்தலுக்காகத்தான் என்று எடுத்துக்கொள்ளப்படும். பொருள் இருந்த பையோ பெட்டியோ உன்னிடம் இருந்தால் பொருளும் உன்னுடைய வசம்தான். உன் வசம் இருந்தால், அது என்ன பொருள் என்று உனக்குத் தெரியும். இல்லை என்றால் நீதான் நிரூபிக்க வேண்டும்.

கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒருவனுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும், தெரிந்ததை எப்படித் தனக்கே மறைத்துக்கொண்டான் என்பதுதானே நாவலின் வேலை? ஒரு நாவலாசிரியர் முந்நூறு பக்கம் எழுதியும் தயங்குகிற இடத்தைச் சட்டம் ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. ‘உனக்குத் தெரியும்’ என்பது அனுமானம். தெரியாது என்று காட்டுவது குற்றம்சாட்டப்பட்டவன் பொறுப்பு. கடன்காரன் வாசலில் நிற்கும்போது, ‘உள்ளே என்னன்னு கேக்காதே, அக்கரையில குடுத்துட்டு வா’ என்று சொல்லிக் கையில் பொட்டலம் தரப்படும்போது, ஒருவன் எவ்வளவு தெரிந்துகொள்கிறான்? கேட்காமலே இருப்பது அறிவா, அறியாமையா? இந்தக் கேள்வியை நம் எழுத்தாளர்கள் ஒழுங்காகக் கையில் எடுத்து நான் வாசித்ததில்லை.

2012இல் சிங்கப்பூர் சட்டத்தைத் திருத்தியது. வெறும் கைமாற்றுபவன் என்று நிரூபித்து, விசாரணைக்குக் கணிசமாக உதவினான் என்று அரசு வழக்கறிஞர் சான்று கொடுத்தால், அல்லது பொறுப்பைக் குறைக்கும் அளவுக்கு மனநலக் குறைபாடு இருந்தால், ஆயுள் தண்டனைக்கு வழி உண்டு. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கும்பலைப் பற்றி நிறையத் தெரிந்தவனிடம்தான் கொடுக்கத் தகவல் இருக்கும். பெயர் தெரியாத ஆளிடம் பொட்டலம் வாங்கிய கடைநிலை ஆளிடம் கொடுக்க என்ன இருக்கிறது? முதலில் ‘உனக்குத் தெரியும்’ என்று தண்டிக்கப்படுகிறான். பிறகு ‘உனக்குப் போதுமான அளவு தெரியவில்லை’ என்று கைவிடப்படுகிறான்.

நாகேந்திரன் தர்மலிங்கம் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2009இல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் தொடையில் கட்டிய பொட்டலத்தோடு பிடிபட்டார். 42.72 கிராம் ஹெராயின். அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டது. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருக்காகப் பேசியவர்களில் பலர் அவரை ஒரு குழந்தையாகவே வரைந்தார்கள். நீதிமன்றமோ, தான் செய்வது என்னவென்று அவருக்குத் தெரியும் என்று முடிவுசெய்தது. அந்தத் தீர்ப்போடு ஆதரவுப் பிரசாரத்தின் கதை மொத்தமாகச் சரிந்தது. ஏனென்றால் அவர் அறியாதவர் என்பதன் மேல்தான் அது கட்டப்பட்டிருந்தது. ‘சரி, அவருக்குத் தெரிந்தே இருக்கட்டும். அப்போதும் தூக்கு தகுமா?’ என்ற கேள்வி நம்மிடம் தயாராக இல்லை. மரண தண்டனையை எதிர்க்கிற வாதம் குற்றவாளியின் முகத்தைப் பார்த்தும் நிற்க வேண்டும். நிரபராதிக்காக மட்டும் பேசுகிற வாதம், குற்றம் நிரூபணமான எல்லாரையும் முன்கூட்டியே விட்டுக்கொடுத்துவிடுகிறது.

*

சொற்களுக்கு வருவோம். சிங்கப்பூரின் அதிகாரத் தமிழில் ‘போதைப்புழங்கி’ என்று ஒரு சொல் உண்டு. செய்தித்தாளில், மறுவாழ்வு நிலையத்தின் பெயரில், மேடைப் பேச்சில் எல்லாம் வரும். புழங்குவது வீட்டுக்குள்ளே இருக்கிற சொல். புழங்குகிற பாத்திரம், புழங்குகிற அறை, பெரியவர்கள் சொல்லும் ‘அவங்களோட நமக்குப் புழக்கம் இல்லை’. அதோடு ஒரு இகரத்தைச் சேர்த்ததும் ஒரு மனிதர் தன் ஒரே ஒரு பழக்கமாகச் சுருங்கிவிடுகிறார். அவர் லாரி ஓட்டுநராகவோ, இரண்டு பிள்ளைகளின் தகப்பனாகவோ, கோயில் உறுமி மேளக்காரராகவோ இருக்கலாம். வாக்கியத்தில் அவர் புழங்கி. ‘போதை அடிமை’ என்பதும் இதேதான். யாருக்கு அடிமை என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

மலாயில் நடந்தது இன்னும் விசித்திரம். ‘டாடா’ என்ற சொல் முன்பு நாட்டு மருந்துச் சரக்கைக் குறித்தது. இன்று அது தடைசெய்யப்பட்ட போதைப்பொருளுக்கு மட்டுமே உரிய சொல். மருத்துவர் கொடுப்பதற்கு வேறு சொல். வேதியியலுக்குத் தெரியாத ஒரு கோட்டை மொழி போட்டுவிட்டது. மருத்துவமனையில் வலிக்குத் தரப்படும் மார்ஃபினும், பொட்டலத்தில் பிடிபடும் ஹெராயினும் ஒரே செடியின் பாலிலிருந்து வருபவைதான்.

அந்தச் செடிக்கும் இந்த மண்ணுக்கும் இருக்கும் உறவைப் பேசாமல் தடையைப் பற்றிப் பேசுவதில் நேர்மை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் பல ஆண்டுகள் ஏறக்குறைய பாதி அபின் குத்தகையிலிருந்து வந்தது. இந்தியாவில் விளைந்து கல்கத்தாவில் ஏலம் போன அபின், கப்பலேறி இங்கே வந்து சீனக் கூலிகளின் கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1910இல் குத்தகைக்காரர்களை விலக்கிவிட்டு அரசே அந்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. பாசிர் பாஞ்சாங்கில் அபின் காய்ச்சிய ஆலை இருந்ததால்தான் ‘புக்கிட் சண்டு’ என்ற மலைக்கு அந்தப் பெயர். பிரிட்டன் அபினைக் கைவிடும் முடிவை 1943இல்தான் எடுத்தது. மூன்று தேக்கரண்டிக்கு உயிரை எடுக்கிற சட்டம் அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வருகிறது. ஆகவே, தடை என்பது ஏதோ காலகாலமான ஒழுக்கம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் புக்கிட் சண்டு போகிற பஸ் எண்ணைக் கொடுங்கள்.

சீனக் கூலிக்கு அபின் என்றால் தமிழ்க் கூலிக்குக் கள். தோட்ட நிர்வாகத்தின் ஏற்பாட்டிலேயே கள்ளுக்கடை நடந்தது. இந்த இடத்தில் நம் சொந்த வரலாறு விவாதத்தைச் சிக்கலாக்குகிறது, ஆக்கவும் வேண்டும். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூடு என்பது. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கு எதிராகத்தான் திரண்டது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீசோடு மோதல் நடந்து உயிர்ப்பலியும் ஆனது. தடை கேட்டவர்கள் நம் பாட்டன்மார். அவர்களைப் பிற்போக்குவாதிகள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஆனால் அவர்கள் கேட்டது என்ன? முதலாளி நடத்தும் கடையை மூடச் சொன்னார்கள். தொண்டர் படை குடிகாரர்களிடம் கடுமையாக நடந்துகொண்டதும் உண்டு. என்றாலும் போராட்டத்தின் குறி, கூலியை ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குகிற ஏற்பாடுதான். இன்றைய தடை குறிவைப்பது யாரை? பொட்டலத்தைத் தொடையில் கட்டிக்கொண்டவனை. கட்டிவிட்டவன் பெயர் தீர்ப்பில் பெரும்பாலும் வருவதில்லை. ‘தடை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

*

இனி எதிர்த்தரப்பு. சிங்கப்பூர் அரசின் வாதத்தைக் கேலிசெய்து கடந்துபோவது சோம்பேறித்தனம். அந்தத் தண்டனைக்காக மிகத் தெளிவாக வாதாடி வருபவர் உள்துறை அமைச்சர் கா. சண்முகம், தமிழர். தூக்குமேடையிலிருந்து பலரை மீட்கப் போராடிய வழக்கறிஞர் எம். ரவியும் தமிழர். நடுவில் நின்ற நாகேந்திரனும் தமிழர். ஆனால் இத்தனை பேர் இருந்தும் வாதம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. தமிழில் நமக்குக் கிடைத்தது செய்திச் சுருக்கம் மட்டும்.

அரசு காட்டும் சான்றுகளில் ஒன்று அபின் பற்றியது. 1990இல் 1,200 கிராமுக்கு மேல் அபின் கடத்தினால் கட்டாய மரண தண்டனை என்று வந்த பிறகு, அடுத்த நான்கு ஆண்டுகளில் கடத்தப்பட்ட அபினின் சராசரி எடை 66 விழுக்காடு குறைந்தது என்கிறது உள்துறை அமைச்சு. கவனமாக வாசியுங்கள். குறைந்தது சராசரி எடை. ஒருவன் எல்லைக்குக் கீழே நிறுத்திக்கொள்கிறான் என்று அது காட்டுகிறது. எல்லையை அறிந்தவனைச் சட்டம் பாதிக்கிறது, உண்மை. மொத்தத்தில் எவ்வளவு பேர் பயன்படுத்தினார்கள், அபினை விட்டு வேறெதற்குப் போனார்கள் என்பதை அந்த எண் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே சிங்கப்பூர் 2019இல் சட்டத்தைத் திருத்தி, உட்கொண்டதைத் தவிர வேறு குற்றம் செய்யாதவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் மறுவாழ்வு நிலையத்துக்கே அனுப்பத் தொடங்கியது. அங்கேயும் கதவு வெளியிலிருந்துதான் பூட்டப்படுகிறது. ஆனாலும் உட்கொள்வது வேறு, விற்பது வேறு என்று கடுமையான அரசும் ஒத்துக்கொள்கிறது. நம் பரிசுக் கதைகள் இன்னும் அந்த இடத்துக்கே வரவில்லை.

சீர்திருத்தக்காரர்களின் கையிலும் சுத்தமான கதை இல்லை. போர்த்துகல் 2001இலிருந்து சொந்த உபயோகத்துக்கான சிறு அளவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பவர் நீதிமன்றத்துக்குப் போகமாட்டார், மூன்று பேர் கொண்ட ஆலோசனைக் குழுவின் முன் போவார். ஊசி வழியாகப் பரவிய எச்ஐவி அங்கே பெரிதும் குறைந்தது. ஆனால் சிகிச்சைக்கான ஏற்பாடு கூடவே வந்ததால்தான் அது வேலைசெய்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி அதேபோல் ஒன்றைக் கொண்டுவந்தது. நூறு டாலர் அபராதம், ஒரு தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் அதுவும் தள்ளுபடி. அழைத்தவர்கள் மிகக் குறைவு. சிகிச்சைப் பணம் தாமதமாக வந்தது. ஃபென்டனில் அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டது. 2024இல் மாநிலமே பின்வாங்கி மறுபடியும் குற்றமாக்கியது. நமக்குப் பக்கத்தில் தாய்லாந்து 2022இல் கஞ்சாவைப் பட்டியலிலிருந்து எடுத்தது. விதிமுறை எழுதுவதற்குள் கடைகள் முளைத்துவிட்டன. 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று இறுக்கினார்கள்.

‘அப்ப கடை திறந்து வித்துடலாமா?’ என்று கேட்கிற நண்பருக்கு என் பதில், சம்சுவை நினைத்துப் பாருங்கள் என்பதுதான். மளிகைக் கடையில் உரிமத்தோடு மலிவாகக் கிடைத்த குட்டிப் போத்தல் அது. எத்தனை தோட்டக் குடும்பங்களைத் தின்றது என்று நம் வீடுகளுக்குத் தெரியும். சட்டப்படி விற்பதால் ஒரு பொருள் நல்லதாகிவிடாது. லாபத்துக்கு விற்பவனிடம் விட்டால் அவன் அதிகம் குடிப்பவனையே தேடுவான்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் நல்ல உதாரணத்தை நாம் பேசுவதில்லை. 2002இல் மலேசியாவில் புதிதாகப் பதிவான எச்ஐவி தொற்றுகள் 6,978. பெரும்பாலும் ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள். 2005இல் மெத்தடோன் சிகிச்சையும் அடுத்த ஆண்டு சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டமும் தொடங்கின. ‘அரசே ஊசி கொடுக்குதா?’ என்று அப்போது முகம் சுளித்தார்கள். பிறகு ஊசிவழித் தொற்று சரிந்தது. தடைச்சட்டத்தை ஒரு வரிகூட மாற்றாமல், பயன்படுத்துகிறவனை உயிரோடு வைத்திருப்பது முதல் வேலை என்று முடிவெடுத்ததால் கிடைத்த பலன் அது. அதன்பிறகு 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனையும் போனது. மரண தண்டனை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நீதிபதி இப்போது ஆளைப் பார்க்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு மறுபரிசீலனை கேட்க வழி பிறந்தது.

என் நிலைப்பாட்டை மறைக்க விரும்பவில்லை. கட்டாயத் தூக்கு போக வேண்டும். பயன்படுத்துவது குற்றமாக இருக்கக் கூடாது, சிகிச்சை அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். விற்பனையைச் சந்தையிடம் கொடுக்கக் கூடாது. இதை மறுத்து எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள்.

*

எழுத்துக்குத் திரும்புகிறேன். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015இல் வந்தது, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பம். அப்போய் என்ற சிறுவன். அவனைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவர் குண்டர் கும்பலில் இருக்கும் மெக்சிகோ, இன்னொருவர் போதைப் பழக்கத்தில் சிக்கிய பாலா. பரிசுக் கதையாக இருந்தால் பாலா ஓர் எச்சரிக்கைப் பலகை. இந்தப் படத்தில் அவர் உறவுக்காரர். படம் அவரை மன்னிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை, பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது.

பூ ஜுன்ஃபெங்கின் ‘அப்ரெண்டிஸ்’ 2016இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. தன் தந்தையைத் தூக்கிலிட்டவரிடமே தொழில் கற்கப் போகும் இளம் சிறை அதிகாரி ஐமான். தந்தை நிரபராதி என்று படம் எங்கேயும் கெஞ்சவில்லை. கயிற்றின் நீளம், உடல் எடை, நெம்புகோல் என்று தொழில்நுட்பத்தைக் காட்டுகிறது. வேலையைச் சுத்தமாகச் செய்வதில் பெருமைப்படும் ஒரு முதியவரைக் காட்டுகிறது. பார்த்து முடித்தபின் தண்டனையை ஆதரிப்பவரும் முன்போல் வசதியாக உட்கார முடியாது. ஆட்டுக்குட்டி இல்லாமலே ஒரு கதை இவ்வளவு தூரம் போகலாம்.

கடைசியாகப் பன்னீர் செல்வம் பரந்தாமன். ஈப்போக்காரர். 2014இல் 51.84 கிராமோடு பிடிபட்டார், 2025 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். விசாரணைக்கு உதவ முன்வந்தும் அரசு வழக்கறிஞரின் சான்று கிடைக்காதவர். சிறையில் கவிதைகளும் பாடல்களும் எழுதினார். அவற்றில் சிலவற்றை மலேசியக் கலைஞர்கள் பாடி வெளியிட்டார்கள். நாம் அவற்றைக் கருணை மனுவின் இணைப்பாக மட்டும் பார்த்தோம். ‘எவ்வளவு நல்ல பையன் பாருங்க, பாட்டெல்லாம் எழுதுறான்’ என்று பகிர்ந்தோம். ஒரு கவிதையாக எது நிற்கிறது, எது நிற்கவில்லை, பத்து வருடத் தனிமை ஒருவருடைய மொழியை என்ன செய்தது என்று நம் இதழ்களில் யாராவது எழுதினோமா? எழுதியிருந்தால் அவர் உயிர் பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை. எழுதுகிற ஒருவருக்கு எழுதுகிறவர்கள் காட்டவேண்டிய மரியாதை அது. உயிரோடு இருந்தபோது நாம் அதைத் தரவில்லை.

அடுத்த சிறுகதைப் போட்டிக்கு எழுதப்போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பையனைக் கடைசிப் பத்தியில் கொல்லாதீர்கள். அவனுக்கு முதல்முறை அது பிடித்திருந்தது என்று எழுதுங்கள். பையில் என்ன இருந்தது என்று பாதி தெரிந்தே வாங்கினான் என்று எழுதுங்கள். பொட்டலத்தைக் கட்டிவிட்டவனுக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் கொடுங்கள். காலையில் மெத்தடோன் குடித்துவிட்டு எட்டு மணி வேலைக்குப் போகிறவரின் ஒருநாளை எழுதுங்கள். நடுவர் ஆறுதல் பரிசுகூடத் தராமல் போகலாம், பரவாயில்லை. அந்தக் கதையை வாசித்தவர் அடுத்த முறை வாட்சாப்பில் ‘செஞ்சான், அனுபவிக்கிறான்’ என்று தட்டச்சு செய்யும்போது கொஞ்சம் நேரமாவது கை நிற்கும்.